பிஸ்கட்டுக் குவியல்

என் வயசுக்காரிகளுக்குத்தான் இதைச் சொல்கிறேன். சின்னவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். அன்றைக்கும் சிரிக்கத்தான் செய்தார்கள்.

விருத்தாசலத்தில் குப்பை பிரிக்கிற கூடத்தில் வேலை பார்க்கிறேன். பெண்களாகச் சேர்ந்து குழுவாக நடத்துகிறோம். காலையில் பேட்டரி வண்டிகள் தெருத்தெருவாகப் போய்விட்டு வந்து கொட்டும். நாங்கள் உட்கார்ந்து பிரிப்போம். பேப்பர் ஒரு பக்கம். பிளாஸ்டிக் ஒரு பக்கம். கண்ணாடி ஒரு பக்கம். விற்று வந்ததைச் சமமாகப் பங்கு போட்டுக்கொள்வோம். யாருக்கு எந்தக் குவியல் என்று குழுத் தலைவி சொல்வாள். அவளுக்கு என் மகள் வயசு. எல்லாரையும் அக்கா என்பாள்.

பேப்பர்தான் நல்ல குவியல். கையை அறுக்காது. நாற்றம் குறைவு. நிழலில் இருக்கும். கண்ணாடி யாருக்கும் பிடிக்காது.

எனக்கு எதிரில் ஒருத்தி உட்காருவாள். அவளுக்கும் என் வயசுதான். அவளுக்கு எப்போதும் பேப்பர். முட்டி வலி என்று சொல்லி வைத்திருக்கிறாள். எனக்கும் முட்டி வலி உண்டு. நான் சொல்வதில்லை.

"ஒங்க கை தாங்கும்க்கா" என்று தலைவி கண்ணாடியை என் பக்கம் தள்ளிவிடுவாள்.

போன வாரம் கண்ணாடியோடு ஒரு உடைந்த டீ கப் வந்தது. காது போய், விளிம்பில் பாதி போயிருந்தது. தலைவி எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இது எதுலக்கா சேரும்?"

யாருக்கும் தெரியவில்லை. மக்காது. எரியாது. கண்ணாடி வாங்குகிறவர் தொட மாட்டார். பீங்கான் செய்கிற ஊரில் இருந்துகொண்டு உடைந்த கப்பை என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தோம்.

நான் வாங்கினேன். முந்தானையில் துடைத்தேன். கவிழ்த்து அடிப்பக்கத்தை நாக்கில் வைத்தேன். யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது.

"ஐயய்ய, கப்ப நக்குறாங்க பாருங்கடி!"

"காலையில டீ குடிக்காம வந்துட்டாங்க போலருக்குது."

"அதுல என்னாக்கா இருக்குது, சக்கரையா?"

கூடமே சிரித்தது. எதிரில் இருந்தவள் மட்டும் சிரிக்கவில்லை. பேப்பர் மேல் குனிந்துகொண்டாள்.

அவள் ஏன் சிரிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்களுக்குக் கம்மாபுரம் பக்கம். சுரங்கத்துக்கு நிலம் போனது. கூடவே வீடும் போனது. விருத்தாசலத்துக்கு வந்து தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஓர் அறையில் குடியிருந்தோம். அப்பா வெளியூரில் லாரிக்கு மூட்டை ஏற்றப் போனார். ஞாயிற்றுக்கிழமை வருவார். சில ஞாயிறு வரமாட்டார்.

அம்மா உடைசல் மேட்டுக்குப் போனாள். பீங்கான் கம்பெனிகளுக்குப் பின்னால் ஒரு பொட்டல். சூளையில் வெடித்தது, கோணியது, கை தவறி விழுந்தது எல்லாவற்றையும் அங்கே கொண்டுவந்து கொட்டுவார்கள். வெயிலில் தூரத்திலிருந்து பார்த்தால் உப்புக் குவித்தது மாதிரி இருக்கும். கண் கூசும். பெண்கள் அதைப் பொறுக்கி விற்றார்கள்.

முன்னெல்லாம் ஆளுக்கு ஆள் தனியாகத்தான் பொறுக்கினார்களாம். வண்டி கொட்டியதும் அடிதடி. ஒருத்தி முடியை ஒருத்தி பிடிப்பாள். வியாபாரிக்கு அது வசதி. 'அவளே இந்த விலைக்குக் குடுத்துட்டா, ஒனக்கு என்னா?' என்று ஒவ்வொருத்தியிடமும் குறைத்துக்கொண்டே போவான். மேட்டில் மூத்தவள் ஒருத்தி இருந்தாள். எல்லாரும் பெரியம்மா என்பார்கள். அந்தக் குரலுக்கு நாய் எழுந்து போகும். அந்தப் பெரியம்மாதான் ஒரு நாள் சொன்னாளாம்.

"ஒண்ணாக் கொட்டுவோம். ஒண்ணாப் பிரிப்போம். நேரா அரவ மில்லுக்கே விப்போம். தனியாப் பொறுக்கறவ எவளும் இந்த மேட்டுல காலு வைக்கக் கூடாது."

அதற்குக் கூட்டு என்று பேர். சங்கம் கிடையாது, போர்டு கிடையாது. வாய்வார்த்தைதான்.

யாருக்கு எந்தக் குவியல் என்று பிரித்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. பழைய ஆள் யாரை வைத்தாலும் சண்டை வரும். அம்மா ஊருக்குப் புதுசு. யாருக்கும் சொந்தமில்லை, யாருக்கும் பகையில்லை. அதனால் அம்மாவை வைத்தார்கள். நிலம் போன பிறகு அம்மாவை யாரும் எதற்கும் கேட்டதில்லை. இது வந்ததும் அம்மா நிமிர்ந்து நடந்தாள். எனக்கே தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்திருந்தார். மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"பிஸ்கட்டெல்லாம் அந்தப் புள்ளைக்குத்தான் குடுக்கறேன்" என்றாள் அம்மா.

"எந்தப் புள்ள?"

"பெரியம்மாவோட தங்கச்சி மவ. தாயில்லாத புள்ள. நம்ம இவ வயசுதான் இருக்கும். அது கையில பிஸ்கட்டக் குடுத்தா ஒண்ணு வீணாவாது."

அப்பா "ம்" என்றார். ரசம் கேட்டார்.

என் வாயில் சோறு நின்றுவிட்டது.

பிஸ்கட் என்றால் எனக்கு டீக்கடை கண்ணாடி ஜாடியில் இருக்கிறதுதான். காய்ச்சல் வந்தபோது ஒரு தடவை வாங்கிக் கொடுத்தார்கள். டீயில் நனைத்தால் பாதி உள்ளே விழுந்துவிடும். அதை விரலால் தேடித் தின்றேன். அந்த பிஸ்கட்டை அம்மா தினமும் யாரோ ஒரு பெண்ணுக்குக் கொடுக்கிறாள். எல்லாவற்றையும் கொடுக்கிறாள். எனக்கு ஒன்றும் வருவதில்லை.

அம்மா வேலையிலிருந்து வந்ததும் மடியை மோந்து பார்ப்பேன். முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பார்ப்பேன். வெள்ளைத் தூசிதான் கொட்டும். மழை விழுந்த மண் வாசனை அடிக்கும்.

"என்னாடி தேடற?"

"ஒண்ணுமில்ல."

"மூஞ்சி ஏன் அப்படி இருக்குது?"

"ஒண்ணுமில்ல."

கோடை லீவு விட்டார்கள். வீட்டில் தனியாக விட முடியாது என்று அம்மா என்னையும் மேட்டுக்குக் கூட்டிப் போனாள்.

நடக்க நடக்கக் காலுக்குக் கீழே நொறுங்கும். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. ஓரத்தில் கோணியை விரித்துக் கட்டிப் பந்தல் மாதிரி போட்டிருந்தார்கள். அம்மா அதற்குக் கீழே உட்கார்ந்தாள். அம்மாவுக்குப் பக்கத்தில், முட்டியோடு முட்டி இடிக்கிற மாதிரி, ஒரு பெண் உட்கார்ந்தாள். சுருட்டை முடி. பல் கொஞ்சம் எடுப்பு. அவள்தான் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

மத்தியானம் வரைக்கும் காத்திருந்தேன். எல்லாரும் தூக்குச் சட்டியைத் திறந்தார்கள். பிஸ்கட்டைக் காணோம். பொறுக்க முடியவில்லை. அம்மாவிடம் போய்க் கையை நீட்டினேன்.

"எனக்கும் பிஸ்கட்டு குடு."

"என்னாது?"

"அவளுக்கு மட்டும் தினமும் குடுக்கற. எனக்கும் குடு."

கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. பெரியம்மாவுக்குத்தான் முதலில் புரிந்தது. சோற்றுக் கையோடு தொடையில் தட்டிச் சிரித்தாள். சோறு தெறித்தது.

"அடியே, கம்மாபுரத்துப் புள்ளைக்குப் பிஸ்கட்டு வேணுமாண்டி! ஏய், குடுடி அதுக்கு!"

அந்தச் சுருட்டை முடிக்காரி தன் குவியலிலிருந்து ஒரு சில்லை எடுத்தாள். இளம் மஞ்சள் நிறம். பார்க்க நிஜமாகவே பிஸ்கட் மாதிரிதான் இருந்தது. உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"இந்தா, தின்னு."

நான் கடித்தேன்.

பல்லில் மணல் நறநறத்தது. துப்பப் போனால் சில்லு நாக்கை விடவில்லை. அப்படியே ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அதுதான் இன்னும் நினைவில் இருக்கிறது. அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அவளோடு சேர்ந்து, என்னைப் பார்த்து.

பிறகுதான் சொல்லிக் கொடுத்தார்கள். சூளையில் வேகாதது பச்சை. தண்ணீரில் போட்டால் கரைந்து களிமண் ஆகிவிடும். ஒரு தடவை வெந்தது பிஸ்கட்டு. மேலே பளபளப்புப் பூசி மறுபடி வேக வைத்தால் கிளேஸ். பிஸ்கட்டை மில்லில் அரைத்து மாவாக்கி மறுபடி மண்ணில் கலப்பார்கள். அதற்குத்தான் நல்ல விலை. கிளேஸ் பள்ளம் நிரப்பத்தான் போகும். கிளேஸ் ஒரு சில்லு பிஸ்கட்டில் கலந்தாலும் மாவு கெட்டுப் போகும். தூசி மூடிக் கிடக்கும்போது இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். அதனால் நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். பிஸ்கட்டு நாக்கைப் பிடிக்கும். கிளேஸ் வழுக்கிவிடும்.

அன்றிலிருந்து மேட்டில் என் பேர் பிஸ்கட்டு. பேர் எனக்கு. குவியல் அவளுக்கு.

"நீ கிளேஸுக்குப் போ" என்றாள் அம்மா.

கிளேஸ் குவியல் பந்தலுக்கு வெளியே, கடைசியில் இருந்தது. வெயில் பட்டுப் பட்டுச் சுடும். விளிம்பு பிளேடு மாதிரி. எடுக்கும்போது அறுத்தது தெரியாது. வேர்வை இறங்கும்போதுதான் எரியும். நான் அங்கிருந்து பந்தலைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அவள் நாக்கில் வைப்பாள், போடுவாள், வைப்பாள், போடுவாள். அத்தனை வேகம். மத்தியானத்துக்குள் நாக்கு வெள்ளையாகிவிடும். அதை நீட்டிக் காட்டிப் பெண்களைச் சிரிக்க வைப்பாள்.

வாயும் வேகம்தான். விரிசல் விட்ட ஜாடி ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "பெரியம்மா, இது ஒன்ன மாதிரியே இருக்குது. மேல பளபளன்னு, உள்ள பூரா வெடிப்பு" என்றாள் ஒரு தடவை. வேறு யாராவது சொல்லியிருந்தால் பெரியம்மா கல்லை எடுத்திருப்பாள். அவளை மட்டும் கன்னத்தில் கிள்ளினாள்.

நானும் ஒன்று யோசித்து வைத்துக்கொண்டு மறுநாள் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. "வேலையப் பாருடி பிஸ்கட்டு" என்றார்கள்.

பெண்கள் அம்மாவைப் புகழ்ந்தார்கள்.

"பெத்த புள்ளைய வெயில்ல போட்டுட்டு ஊரான் புள்ளைய நெழல்ல வெச்சிருக்கா பாரு. இவ குடுத்தா நாம ஏன் சண்ட போடப் போறோம்?"

உண்மைதான். என்னை அங்கே உட்கார வைத்த பிறகு குவியலுக்காக யாரும் வாய் திறக்கவில்லை. புகழ் அம்மாவுக்கு. கீறல் எனக்கு.

சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் அம்மா கதவைச் சாத்துவாள். என் கையை மடியில் வைத்து விரல் விரலாகப் பார்ப்பாள். தேங்காயெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவுவாள். ஊதுவாள். பேச மாட்டாள். மறுநாள் மேட்டில் அதே கையைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போவாள்.

எங்களிடம் ஒரு சீப்பு இருந்தது. மரச்சீப்பு. கம்மாபுரத்து வீட்டிலிருந்து வந்தது. ஓரத்தில் பல் போயிருக்கும். ஒரு நாள் அதில் சுருட்டையாக ஒரு முடி இருந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் சுருட்டை கிடையாது. அம்மா சீப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போய் மேட்டில் அவளுக்குத் தலை வாரிவிட்டிருக்கிறாள். அந்த முடியை இழுத்துப் பார்த்தேன். நீண்டது. விட்டால் சுருண்டுகொண்டது. அடுப்பில் போட்டேன். தீய்ந்த நாற்றம் வந்தது.

"என்னாடி கருகுது?"

"ஒண்ணுமில்ல."

ஒரு நாள் என் குவியலில் ஒரு கிளி பொம்மை கிடைத்தது. வண்டிக்காரன் தெரியாமல் கிளேஸோடு சேர்த்துக் கொட்டியிருந்தான். உடையாத கிளி. வர்ணம் பூசாதது. கட்டைவிரல் உயரம். ஒரு கண் மட்டும் சரியாக அழுந்தவில்லை, தூங்குகிற மாதிரி இருந்தது. நாக்கில் வைத்தேன். பிடித்தது. பிஸ்கட்டு. பாவாடை நாடாவில் முடிந்துகொண்டேன்.

வீட்டுக்குக் கிளம்பும்போது எல்லாரும் முந்தானையை உதறிக் காட்ட வேண்டும். கூட்டு வைத்த விதி அது. யாரும் தனியாக எடுத்துப் போகக் கூடாது. நான் உதறாமல் நின்றேன். அம்மா வந்து நாடாவை அவிழ்த்தாள்.

"பிஸ்கட்டு பொதுச்சொத்து" என்றாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். கிளியை அவளிடம் கொடுத்தாள். முழுசாக இருந்தால் மூட்டையில் அடங்காது என்று பிஸ்கட்டை உடைத்துத்தான் போடுவார்கள். உடைப்பது அவள் வேலை.

அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் கல்லை எடுத்தாள். ஒரே போடு.

என் பொருளை அவள் உடைத்தாள் என்பதுகூட எனக்குப் பெரிதில்லை. உடைத்த பிறகு அம்மா அவள் தலையைத் தடவினாள். அது பெரிது.

லீவு முடிய கொஞ்ச நாள் இருக்கும்போது மில்லுக்குப் போன வண்டி திரும்பி வந்தது. மில்லுக்காரர் சைக்கிளில் பின்னாலேயே வந்தார். மூட்டைகளைப் பந்தலுக்கு முன்னால் கொட்டச் சொன்னார். குனிந்து, பொறுக்கி, எடுத்து எடுத்து எறிந்தார். எல்லாம் கிளேஸ். வெயிலில் பளிச் பளிச் என்று மின்னியது.

"பாதி மாவு போச்சு. இனிமே ஒங்க சரக்கே வேணாம். நான் வியாபாரி கிட்டயே வாங்கிக்கறேன்."

மில்லு வாங்காவிட்டால் கூட்டு கிடையாது. கூட்டு போனால் மறுபடி வியாபாரி, மறுபடி முடியைப் பிடித்து இழுப்பது. எனக்கே அது புரிந்தது.

அவள் பந்தலிலிருந்து எழுந்து ஓடி அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அம்மா குனிந்தாள். அம்மாவின் காதில் என்னவோ சொன்னாள். அம்மாவும் அவள் காதில் என்னவோ சொன்னாள். இந்த நேரத்திலும் இவளுக்குத்தான் அந்தக் காது என்று எனக்கு எரிந்தது.

பிஸ்கட்டுக் குவியல் அவள் பொறுப்பு. எல்லாருக்கும் தெரியும். பெரியம்மா எதிரில் யார் சொல்வது?

பெரியம்மாவே கேட்டாள். "கிளேஸு யாரு கையில இருக்குது?"

அவ்வளவுதான் கேட்டாள். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"மொத நாள்லேருந்தே இது அந்தப் புள்ளைய மொறைச்சிக்கிட்டுத்தான் இருக்குது."

"கிளிய ஒடைச்ச காந்தல்ல அள்ளிப் போட்டிருக்கும்."

நான் முறைத்தது உண்மை. போட்டது நான் இல்லை. நான் அம்மாவைப் பார்த்தேன். 'ஏண்டி, நீயா போட்டே?' என்று கேட்பாள் என்று நின்றேன். கேட்டால் சொல்லப் பதில் வாயில் இருந்தது.

அம்மா கேட்கவில்லை.

"என் மவதான் போட்டிருப்பா" என்றாள். "இனிமே வரமாட்டா."

மில்லுக்காரரிடம் கையெடுத்துக் கும்பிட்டாள். "கெடுத்த கைய எடுத்துட்டோங்க. இப்பவே பிரிச்சித் தரோம். நீங்க பக்கத்துல நின்னு பாத்து எடுத்துக்குங்க."

பொழுது சாய்கிற வரைக்கும் எல்லாப் பெண்களும் உட்கார்ந்து நாக்கில் வைத்து வைத்துப் பிரித்தார்கள். மில்லுக்காரர் எடுத்துக்கொண்டார். கூட்டு பிழைத்தது. நான் தள்ளி நின்றேன். யாரும் என்னைச் சில்லைத் தொட விடவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் கூட்ஸ் வண்டி வந்தது. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் நின்றோம். நீளமான வண்டி. அம்மா என் கையைப் பிடித்தாள். நான் உருவிக்கொண்டேன். வண்டி போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றோம்.

மறுநாள் என்னை பஸ் ஏற்றி வேப்பூருக்குக் கூட்டிப் போனாள். அத்தை அங்கே மெயின் ரோட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தாள். "மேட்டுல இருந்தா இவள வார்த்தையாலயே கொன்னுடுவாளுங்க. ஸ்கூலு தொறக்கற வரைக்கும் இருக்கட்டும்" என்றாள் அம்மா.

ஸ்கூல் திறந்தார்கள். என்னைக் கூட்டிப் போக யாரும் வரவில்லை. அத்தை சொல்லி அனுப்பினாள்: "புள்ள ஒத்தாசையா இருக்குது. இங்கேயே இருக்கட்டும்." அம்மாவும் சரி என்றாள். என் படிப்பு அதோடு சரி. லாரி டிரைவர்கள் சாப்பிட்ட தட்டைக் கழுவினேன். சில்வர் தட்டு. கையை அறுக்காது.

ஒரு தீபாவளிக்கு முன்னால் அம்மா வந்தாள். கூட அவளும் வந்தாள். என் பச்சைப் பாவாடையைக் கட்டியிருந்தாள். கீழே மடித்துத் தைத்திருந்தது. அம்மாவின் தையல். எனக்குத் தெரியாதா அந்தத் தையல்?

"ஒனக்குச் சின்னதாப் போயிருக்கும்னு குடுத்தேன்" என்றாள் அம்மா.

சின்னதாகப் போயிருக்கவில்லை. நான் இளைத்துத்தான் இருந்தேன். அதை அம்மா பார்க்கவில்லை.

கல்யாணமாகி நான் மறுபடி விருத்தாசலத்துக்கே வந்தேன். அம்மாவும் நானும் நன்றாகத்தான் இருந்தோம். குழம்பு கொடுத்து விடுவாள். என் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள். அந்தக் கோடையைப் பற்றி இரண்டு பேரும் பேசியதில்லை. கேட்பாள் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். கேட்காமலே போய்ச் சேர்ந்தாள்.

சாவு வீட்டில் அவள் அழுத அழுகை இருக்கிறதே, தெருவே கூடிவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். வெளியூர்க்காரர் ஒருவர் அவளைக் காட்டி என்னிடமே கேட்டார். "இவங்கதான் மவளாங்க?"

நான் சொம்பைக் கொடுத்தேன். "தண்ணி குடிங்க" என்றேன்.

கருமாதி அன்றைக்குக் கொல்லைக் குழாயில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கூடச் சேர்ந்து கழுவினாள்.

"அன்னிக்கு கிளேஸு கலந்தது நான்தாண்டி" என்றாள்.

நான் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"அந்த வாரம் டீ கப்பு புதுசா வந்துச்சி. ஒரே தூசி. நான் அவசரத்துல அடிப்பக்கத்த நாக்குல வெச்சேன். பிடிச்சுது. பிஸ்கட்டுன்னு போட்டுட்டேன். அடியில மட்டும் பூச மாட்டாங்கன்னு எனக்குத் தெரியலடி. எல்லாத்தையும் அப்படியே போட்டேன்."

நான் கேட்டேன். "எங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"மில்லுக்காரரு கொட்டினதுமே போயி காதுல சொல்லிட்டேன்."

"என்னா சொன்னாங்க?"

அவள் குழாயை மூடினாள்.

"வாயத் தொறக்காத. என் புள்ள தாங்கும்னாங்க."

எனக்கு அப்போது கோபம் வந்ததா என்று கேட்டால், இல்லை. அம்மா எடை போட்டிருக்கிறாள். அவளைக் காட்டிக் கொடுத்தால் பெரியம்மா கூட்டை விட்டுப் போவாள். பெரியம்மா போனால் கூட்டு போகும். என்னைக் காட்டினால் ஒன்றும் போகாது. நான் அம்மாவோடுதானே இருக்கிறேன், எங்கே போய்விடப் போகிறேன் என்று நினைத்திருக்கிறாள். போய்விட்டேன். அது அவள் போட்ட எடையில் இல்லை.

எரிந்தது வேறு. 'என் புள்ள.' அம்மா என்னை அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. மேட்டில் 'என் மவ' என்றது பழி போட. என்னிடம் பேசும்போது 'ஏய்', 'வாடி', அவ்வளவுதான். சொன்னது ஒரே ஒரு தடவை. அதுவும் அவள் காதில். இத்தனை வருஷம் அந்த வார்த்தையை அவள் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். சீப்பு மாதிரி. பாவாடை மாதிரி.

"கழுவு" என்றேன். மீதியையும் கழுவி முடித்தோம்.

அவளும் நானும் ஒரே கூடத்தில் வந்து சேர்ந்தது நாங்கள் திட்டம் போட்டு நடந்ததில்லை. ஊர் சின்னது. பிரிக்கிற வேலை தெரிந்த கிழவிகள் கொஞ்சம் பேர்தான்.

கப்பை நக்கியதற்குச் சிரித்தார்கள் என்று சொன்னேன் இல்லையா? மறுநாள் காலையில் வண்டிகள் வந்தன. தலைவி பிரித்துக் கொடுத்துக்கொண்டே வந்தாள். கண்ணாடிக் கூடையை என் பக்கம் தள்ளினாள். அவள் வாய் திறக்கிறதுக்கு முன்னால் நான் சொன்னேன்.

"எனக்கு இன்னிக்குப் பேப்பரு வேணும்."

தலைவி நின்றுவிட்டாள். "ஏங்க்கா? கை எதுனா அறுத்துடுச்சா?"

"இல்ல."

"முட்டி வலியா?"

"இல்ல. வேணும்."

நான் எதையும் கேட்டுக் கூடத்தில் யாரும் பார்த்ததில்லை. எதிரில் இருந்தவள் நிமிர்ந்தாள். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் தன் கோணியைத் தட்டினாள்.

"வாடி பிஸ்கட்டு."

அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட இப்போது ஊரில் வேறு ஆள் கிடையாது.

எழுந்து இடம் விடவில்லை. கொஞ்சம் நகர்ந்தாள், அவ்வளவுதான். முழுசாகத் தர மாட்டாள், அது அவள் குணம். நான் போய் உட்கார்ந்தேன். முட்டியோடு முட்டி இடித்தது. நிழல் குளிர்ச்சியாக இருந்தது. இத்தனை நாள் இதில்தான் உட்கார்ந்திருந்தாளா என்று தோன்றியது. அவள் கை இன்னும் வேகம்தான். பார்க்கப் பார்க்க எரிந்தது.

தலைவி கண்ணாடிக் கூடையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"அப்ப இத யாருக்குக்கா குடுக்கறது?"

நான் பேப்பரைப் பிரிக்க ஆரம்பித்தேன்.